புளிய நிழலில் ஒரு புல்தரை

கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் கம்பி இழுக்கும் தொழிற்சாலை ஒன்று எழும்பியபோது, அந்நிலத்தில் நின்ற மரங்கள் யாவும் வெட்டப்பட்டன. ஒரு புளியமரம் மட்டும் தப்பியது. அதனைக் காப்பாற்றியவர் கம்பெனியின் டைரக்டர். சென்னையிலிருந்து காரில் வந்து போகும் அவர், முதல் வருகையின்போது அம்மரத்தடியில் நாற்காலி போடச் செய்து இளநீர் அருந்தினார். இனி இம்மரத்தின் ஒரு கிளையிலும் யாரும் கை வைக்கலாகாது என்று சொல்லிவிட்டுச் சென்றார். அதன் பொருட்டுக் கட்டடத்தின் வரைபடமே திருத்தப்பட்டது. மரத்திற்கு மேற்கே அலுவலகம் எழுந்தது. கிழக்கே சரக்கறை எழுந்தது. காலை வெயிலைச் சரக்கறையும் மாலை வெயிலை அலுவலகமும் மறித்துக்கொண்டன. உச்சி வெயிலை மரமே மறித்துக்கொண்டது.

பின்னொரு வருகையில் அதே டைரக்டர், வாசற்கதவிலிருந்து அலுவலகப் படி வரைக்கும் விட்டுப்போகாமல் பச்சைப் புல் விரிந்திருக்க வேண்டும் என்று விரும்பினார். மரத்தடியும் அதில் அடங்கும்.

அவ்விருப்பத்தை நிறைவேற்றும் பொறுப்பு, நிர்வாக அலுவலராக இருந்த ஆராவமுதனிடம் வந்து சேர்ந்தது. அவர் திருவள்ளூர்க்காரர், பெருமாள் கோயிலில் தலைமுறையாகக் கைங்கரியம் செய்துவரும் குடும்பத்தைச் சேர்ந்தவர். கும்மிடிப்பூண்டியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துத் தங்கி, சனிக்கிழமைதோறும் வீட்டிற்குச் செல்வார். புல்லைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆயினும் அந்த வேலைக்கு ஆள் யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் எழவில்லை. கங்கம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

கங்கம்மா நடவு வேலை செய்து வளர்ந்தவள். கம்பெனி வருவதற்கு முன் அதே நிலத்தில், அதே புளியமரத்துக்கு எதிரே, நெல் நட்டிருக்கிறாள். நிலத்துக்கு உரியவர்களுக்கு அரசாங்கம் இழப்பீடு கொடுத்தது. நிலத்தில் குனிந்து நின்றவர்களுக்குக் கொடுக்க எதுவும் இருக்கவில்லை. அவளுடைய கணவன் அருணாச்சலம் தொழிற்சாலையில் தற்காலிகக் கூலியாகச் சேர்ந்தான். கம்பிச் சுருளில் அவனது வலக்கை சிக்கி நசுங்கிற்று. நிரந்தர ஊழியன் அல்லன் ஆகையால், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாளோடு கம்பெனிக்கும் அவனுக்கும் இருந்த தொடர்பு முடிந்துவிட்டது. அந்தக் கோப்பில் கையொப்பமிட்டவர் ஆராவமுதன். அவனுடைய மனைவியைத் தற்காலிகத் தோட்டக்காரியாக அமர்த்தியவரும் அவரே.

"கங்கம்மா, இதப் பாரு. டைரக்டர் மாசி மாசம் வரார். மரத்தடியிலேயும் பச்சையா இருந்தா உன்னைப் பர்மனென்ட் பண்ணிடலாம்னு சொல்லியிருக்கார். இல்லேன்னா தோட்ட வேலையையே காண்டிராக்டுக்கு விட்டுடுவாராம். புரியறதோ?"

"பர்மன்ட்டுன்னா, கை காலு போனாலும் சம்பளம் வருமா சாமி?"

ஆராவமுதன் மேசை மேலிருந்த தாளைத் திருப்பி வைத்தார். "வரும்" என்றார்.

"அப்ப நான் பாத்துக்கறேன். நெல்லு நட்ட கை, புல்லு நடாதா இன்னா?"

முன்புறத்து வெட்டவெளியில் அவள் சொன்னபடியே நடந்தது. குப்பம்மாள் முதலிய பழைய நடவுக்காரிகள் சிலரைக் கூட்டி வந்தாள். மண்ணைச் சேறாக மிதித்து, ஏரிக்கரையிலிருந்து கொண்டுவந்த அறுகம்புல்லை நாற்றைப் போலப் பிடி பிடியாக முடிந்து, வரிசை பிசகாமல் நட்டார்கள். மேற்பார்வையிட வந்த ஆராவமுதனின் காலடியில் குப்பம்மாள் ஒரு புல்முடியை வைத்து வழியை மறித்தாள்.

"இதென்ன?"

"நடவுல காலு வெச்சுட்டியே சாமி! இனாம் குடுத்துட்டுத் தாண்டு. குடுக்காங்காட்டி பயிரு வராது."

"அது மொதலாளிகிட்ட கேக்கறது. நானே மாசச் சம்பளக்காரன்டீம்மா."

"பேண்ட்டு போட்டுக்கினு கீறயே, அது போதும் எங்களுக்கு!"

சேற்றில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆராவமுதனும் சிரித்துவிட்டுச் சட்டைப் பையில் கை விட்டார். நடப்பட்ட புல் முதலில் வெளுத்தது. அடுத்த வாரம் பச்சை பிடித்தது. கார்த்திகை மழையில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பாயாகப் படர்ந்தது. தொழிற்சாலையின் பின்புறத்தில், மதிலை ஒட்டி யாரும் போகாத வெயில் நிலத்திலும் எஞ்சிய புல்லை அவள் நட்டு வைத்தாள். அங்கும் படர்ந்தது.

மரத்தடியில் மட்டும் பிடிக்கவில்லை. நட்ட அறுகு ஊசி போல மெலிந்து மேலே எழும்பி, வெளிச்சத்தைத் தேடித் தலையை நீட்டி, பின் சாய்ந்தது. அதன்மேல் புளிய இலை ஓயாது உதிர்ந்து மூடிற்று. வழித்தெடுத்துவிட்டு மறுபடி நட்டாள். மறுபடியும் அப்படியே ஆயிற்று. மார்கழி பிறந்தபோது முன்புறம் பச்சையாகவும் மரத்தடி வழுக்கை மண்டை போலவும் கிடந்தன.

ஆராவமுதன் ஒரு நாள் விடுப்பெடுத்துச் சென்னைக்குச் சென்று, தோட்டக்கலை அறிந்த ஒருவரைக் கண்டு வந்தார். திரும்பி வரும்போது ரயிலில் ஈரச் சாக்கு சுற்றிய கூடையொன்று அவர் மடியில் இருந்தது. அதனுள் அகன்ற இலைகளும் பருத்த தண்டுகளும் கொண்ட வேறொரு புல்.

"அறுகுக்கு வெயில் வேணுமாம். இது நிழல் தாங்குமாம். ஆனா சேறு கூடாது. மண்ணு உதிரி உதிரியா இருக்கணும். தண்ணி கொஞ்சமா, மண்ணு காஞ்சப்புறந்தான் விடணும். ஒட்ட வெட்டக் கூடாது. புளிய எலையத் தினம் பெருக்கணும். கிளையைக் கொஞ்சம் கழிச்சு வெளிச்சம் விட்டா நன்னா வரும்னார்; அது நம்ம கையில இல்லே."

கங்கம்மா ஒரு தண்டை முறித்து மோந்து பார்த்தாள். "இன்னா சாமி, மாடு திங்கிற சம்பு மாதிரி கீது. சரி, நீ கொணாந்துட்டே. ஆனா தண்ணி கம்மியாவுட்டா எப்பிடி வேரு புடிக்கும்?"

"அவர் படிச்சவர், சொல்றார்."

"படிச்சவருதான். நட்டவரா?"

பக்கத்தில் இருந்து அவளைத் தடுக்கும் நிலையில் ஆராவமுதன் இல்லை. தைப் பிரம்மோற்சவம் நெருங்கியிருந்தது. அவருடைய தமையனார் நோயுற்றிருந்தமையால், வாகனப் புறப்பாடுகளில் குடும்பத்தின் முறையை அவ்வாண்டு அவரே செய்ய வேண்டியதாயிற்று. சொன்னதையே மீண்டும் சொல்லிவிட்டுத் திருவள்ளூருக்குப் போனார்.

கங்கம்மா முதலில் அவர் சொன்னபடியே செய்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மண்ணை உதிரியாக்கி நட்டாள். அளந்து தண்ணீர் தெளித்தாள். சில நாட்களில் புல்லின் இலைகள் வெளுக்கத் தொடங்கின. அதைக் கண்டு அவள் வருந்தவில்லை; மகிழ்ந்தாள். பிடுங்கி நட்ட நாற்று வெளுத்துத்தான் பிறகு பச்சை பிடிக்கும் என்பது அவள் வாழ்நாளெல்லாம் கண்ட உண்மை. வெளுத்த நாற்றைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் வயலை அறியாதவர்கள். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வரப்பை உயர்த்தித் தண்ணீரைக் கட்டி வைத்து, கொஞ்சம் உப்பு உரத்தையும் தூவிவிட்டால் நாற்று தலையெடுத்துவிடும். அவள் மரத்தடியைச் சுற்றிக் கையகல வரப்புப் போட்டாள். குழாயைத் திறந்துவிட்டாள். நிழலில் அந்தத் தண்ணீர் நாள் கணக்காக வற்றாமல் நின்றது. நல்ல தண்ணீர் நிற்கிறது என்று அவள் நினைத்தாள்.

இரவுச் சோற்றின்போது அருணாச்சலம் கேட்டான்: "இன்னாமே, புல்லு எப்பிடி கீது?"

"வெளுத்துக்கீது."

"அப்ப புடிச்சிக்கும்."

"அதான் நானும் சொல்றேன். பச்சை கட்டிக்கிச்சுன்னா மாசி முடியறதுக்குள்ள நான் பர்மன்ட்டு. அப்புறம் நீ வூட்லயே காலை நீட்டிக்கினு கெட."

"ஆமா, இப்ப மட்டும் இன்னா, குதிரை ஓட்டிக்கினா கீறேன்?" என்று இடக்கையால் சோற்றைப் பிசைந்தவாறு அவன் சொன்னான். அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். அந்த வீட்டில் வெகு நாளைக்குப் பிறகு எழுந்த சிரிப்பு அது.

உற்சவம் முடிந்து திரும்பிய ஆராவமுதன், சைக்கிளை விட்டு இறங்காமலே மரத்தடியைப் பார்த்தார். கறுத்த தண்ணீரில் பாசி மிதந்தது. இலைகள் சோற்றுக் கஞ்சியின் நிறத்தில் ஊறிக் கிடந்தன. அவர் இறங்கிக் குனிந்து ஒரு தண்டைத் தொட்டார். அது வேரோடு வராமல், கையில் குழைந்து துண்டாக வந்தது. நாற்றமும் வந்தது.

"என்ன காரியம் பண்ணிட்டே கங்கம்மா! தண்ணி விடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"வெளுத்துச்சு சாமி. நட்டா வெளுக்கத்தானே செய்யும்? தண்ணி கட்டினா பச்சை புடிச்சிக்கும்னு…" அவள் நிறுத்தினாள். அவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். நெல் ஒருநாளும் இப்படிக் குழைந்ததில்லை. "செத்துப் போச்சா?" என்று கேட்டாள்.

அவர் துண்டைக் கீழே போட்டார். மறுபடியும் சென்னைக்குப் போய்ப் புல் கொண்டுவந்தாலும் அது வேர் பிடித்துப் படர மாதங்கள் ஆகும். மாசி பிறந்துவிட்டது. டைரக்டர் வரும் நாளைக் குறித்துத் தந்தியும் வந்துவிட்டது.

அவர் படியில் அமர்ந்துவிட்டார். கங்கம்மா எதிரே தரையில் அமர்ந்தாள். அவள், "பின்னால கீற புல்ல பேத்துக்கினு வந்து இங்க வெச்சா?" என்றாள்.

"அது அறுகுதானே. இங்க தாங்காதே."

"தாங்க வாணாம் சாமி. அவுரு வந்துட்டுப் போறவரிக்கும் பச்சையா இருந்தா போதும். நாத்தங்கால்ல பேக்கற மாதிரி மண்ணோட பேத்து வெச்சா, ஒரு வாரம் பத்து நாளு வாடாது. அப்புறம் செத்தா, மறுபடி பின்னாலேர்ந்து கொணாந்து வெக்கிறேன். பின்னால செத்தா முன்னாலேர்ந்து. வெயில்ல வளரும், நெழல்ல சாவும். நான் மாத்திக்கினே இருக்கேன். எனக்கின்னா, நடறதுதானே வேலை?"

ஓர் ஆயுட்காலம் முழுவதும் செத்துக்கொண்டே இருக்கும் புல்லை மாற்றி மாற்றி நட அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். "உன் இஷ்டம்" என்றார் ஆராவமுதன். தமக்குத் தெரிந்தே நடக்கட்டும் என்பதற்கு அவர் கையாண்ட சொல் அவ்வளவே.

கங்கம்மாவும் குப்பம்மாளும் பின்புறப் புல்லை மண்வெட்டியால் பாளம் பாளமாகப் பெயர்த்து, சட்டியில் சுமந்து வந்து, மரத்தடியில் அணைத்து வைத்தார்கள். இடுக்குகளில் சேறு பூசினார்கள். பின்புறம் தோல் உரித்ததுபோல் ஆயிற்று.

"யக்கோவ், உன் புல்லுக்கு இது மாமியார் வூடு மாதிரி" என்றாள் குப்பம்மாள். "வந்த அன்னிக்கு மட்டுந்தான் பளபளன்னு கீது."

"வாய மூடிக்கினு சேத்தப் பூசு."

டைரக்டர் வந்த நாளில் மரத்தடி மெய்யாகவே அழகாக இருந்தது. வாசற்கதவிலிருந்து படி வரைக்கும் பச்சை எங்கும் அறுபடவில்லை. அவர் வண்டியை வாசலிலேயே நிறுத்தச் சொல்லி நடந்து வந்தார். புளிய நிழலை அடைந்ததும் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லின்மேல் கால் வைத்தார். கங்கம்மா அலுவலகத் தூணோரமாக நின்று அவர் பாதத்தையே பார்த்தாள். பாளம் நகரவில்லை. அவர் அவளைச் சுட்டி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

"இந்த நிழல்லே எப்படி வளர்த்தேன்னு கேக்கறார்" என்றார் ஆராவமுதன்.

அவள் தலைகுனிந்தாள். "தண்ணி கட்டினேன்னு சொல்லு சாமி."

டைரக்டர் மிகவும் மகிழ்ந்தார். அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும்படி அங்கேயே சொன்னார். பின்பு, ஒரு யோசனை தோன்றியவராய், வாசற்பக்கத்து வெட்டவெளியைத் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது ஷெட்டுக்கு இடம் இல்லாமல் வெளியே நிலம் தேடிக்கொண்டிருந்தோமே. மரத்து நிழலிலேயே புல் இவ்வளவு செழிப்பாக வளருமானால், நல்ல வெயில்படும் நிலத்தைப் புல்லுக்காக ஒதுக்கி வைப்பானேன்? அழகுக்கு மரத்தடி போதும். ஷெட்டை முன்புறத்தில் கட்டிவிடலாம். அதோ, பின்புறத்தில்தான் ஏற்கெனவே தரையை வெட்டி வைத்திருக்கிறீர்களே, அங்கே கழிவுக் கம்பியைக் கொட்டலாம் என்றார்.

ஆராவமுதன் வாய் திறந்தார். மெய்யைச் சொன்னால் முன்புறப் புல் பிழைக்கும். கங்கம்மாவின் வேலை போகும். தம்முடைய பெயரும் கெடும். இவற்றுள் எது தம் நெஞ்சில் முதலில் தோன்றியது என்பதை அவரே அறியார். "எஸ் சார்" என்றார்.

வண்டி போன பிறகு அவர் கங்கம்மாவிடம் வந்து, முதற்செய்தியை மட்டும் சொன்னார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நெசமா சாமி? அந்த ஆளாண்ட போய்ச் சொல்லட்டா? கஞ்சி கூட குடிக்காம குந்திக்கினு கீறான்."

"போய்ச் சொல்லு. ஆறு மாசம் பார்த்துட்டு உறுதி பண்ணுவா. அது வழக்கந்தான்." பின்பு, அவள் வாசல் தாண்டுவதற்குள், மற்றச் செய்தியையும் சொன்னார்.

கங்கம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. "வெயில்ல கீற புல்லயா எடுக்கறாங்கோ? நெழல்ல கீறதயில்ல எடுக்கணும்?" என்று கேட்டாள். பின்பு விளங்கிற்று. அவள் முன்புறத்தையும் பின்புறத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரு ஓரமா, ஒரு சேலை அகலம் வுடச் சொல்லு சாமி. அது போதும் எனக்கு. அதிலேர்ந்து எடுத்து எடுத்து வெச்சிக்கறேன்."

"பார்க்கறேன்" என்றார் அவர். வரைபடத்தைப் போட்டவர்கள் சென்னையில் இருந்தார்கள். அவர் எழுதிக் கேட்கவும் செய்தார். ஓரத்தில் லாரி திரும்ப வேண்டும் என்று பதில் வந்தது.

பங்குனியில் அடித்தளம் தோண்டினார்கள். முன்புறத்துப் புல்லைக் கோணி போலச் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கங்கம்மா கொஞ்சத்தைக் கெஞ்சி வாங்கி மரத்தடியில் வைத்தாள். பின்புறத்தில் கழிவுக் கம்பி குவிந்தது. அதன் துருவால் மண் சிவந்தது. மரத்தடிப் புல் வெளுத்தது. இம்முறை அது பச்சை பிடிக்கும் என்று அவள் நினைக்கவில்லை. தண்ணீரைக் குறைத்துப் பார்த்தாள். புளிய இலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பட்டணத்துத் தோட்டக்கலை நிபுணர் சொல்லியவை அனைத்தையும், காலம் கடந்து, ஒன்று விடாமல் செய்தாள். ஆராவமுதன் மறுபடியும் ஒரு கூடை அகலப்புல் வாங்கி வந்தார். அதைத் தளிர்விடச் செய்யும் அளவு வெளிச்சமும் அங்கே இல்லை. எழும்பிய ஷெட்டின் சுவர் தெற்கையும் மூடியிருந்தது. சித்திரையில் மரத்தடி வெறும் மண்ணாயிற்று.

அடுத்த வருகையில் டைரக்டர் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, பராமரிப்புச் சரியில்லை என்று எழுதினார். ஆறு மாதம் முடிவதற்கு முன்பே உத்தரவு ரத்தாயிற்று. மரத்தடியில் சிமெண்டுப் பாவுதளம் போடும்படி வேறோர் உத்தரவு வந்தது.

அச்செய்தியைச் சொல்ல ஆராவமுதன் அவளுடைய குடிசைக்கே நடந்து போனார். அருணாச்சலம் வாசலில் அமர்ந்திருந்தான், எழுந்து நின்றான். இடக்கையால் கும்பிடுவதா வேண்டாமா என்று தயங்கியவன், கடைசியில் தலையை மட்டும் அசைத்தான்.

"நான் சொல்லியிருக்கணும் கங்கம்மா. அன்னிக்கே டைரக்டர்கிட்டே" என்றார் அவர்.

"சொல்லியிருந்தா இன்னா சாமி? அன்னிக்கே போயிருப்பேன். இன்னிக்குப் போறேன். நடுவுல மூணு மாசம் சோறு துன்னோம்." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுவாரம் குப்பம்மாள் அவளைக் கூட்டிக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கு வந்தாள். ஷெட்டு வேலைக்குக் காண்டிராக்டர் சித்தாள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"இவ நல்லா சுமப்பாளா?" என்று அவர் கேட்டார்.

"அய்யே, நாங்கோ நடவு நட்டவங்கோ! குனிஞ்சவங்களுக்கு நிமிந்து நடக்கத் தெரியாதா?" என்றாள் குப்பம்மாள்.

அலுவலகச் சன்னலிலிருந்து ஆராவமுதன் பார்த்தார். கங்கம்மா ஜல்லிச் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, முன்பு புல்வெளியாக இருந்து, இப்போது ஷெட்டின் தளத்துக்காகத் தோண்டியிருந்த பள்ளத்தில் இறங்கினாள். கலவை கொட்டும் இடத்தில் நின்று, சட்டியைச் சாய்த்தாள். பின்னால் வரிசையில் நின்றவள், "சீக்கிரம் நவுரு" என்றாள். கங்கம்மா நகர்ந்தாள், அடுத்த சட்டிக்குப் போனாள்.